லைக்கன் ஸ்க்லீரோசஸ்: தேங்காய் எண்ணெயோடு இருந்துவிடலாமா?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் 56 வயது அக்கா ஒருவர் பெயர் போடாமல் கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக அடியில், அதாவது பிறப்புறுப்பைச் சுற்றி, நமைச்சல். முதலில் சர்க்கரை என்றார்கள், பிறகு வெள்ளைப்படுதல் என்றார்கள். கடைசியில் ஒரு தோல் மருத்துவர் சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, லைக்கன் ஸ்க்லீரோசஸ் (அந்த இடத்துத் தோல் வெளுத்து மெலிந்துபோகும் நாள்பட்ட நோய்) என்று உறுதி செய்து, கிளோபீட்டசால் ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்துக் கடையில் "இது பவரான ஸ்டீராய்டுங்க, அந்த எடத்துக்கெல்லாம் ஆகாது" என்று சொன்னதும் பயந்து பத்தே நாளில் நிறுத்திவிட்டார். இப்போது சொந்தக் களத்துப் பருப்பில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத்தான் தடவுகிறார். தடவினால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சுகமாக இருக்கிறதாம். இதைவிட நல்ல களிம்பு எது, எத்தனை தடவை போடலாம், பேத்திக்கும் இது வருமா என்பவை அவர் கேள்விகள்.

அக்கா, நீங்கள் களிம்பைப் பற்றிக் கேட்டாலும் உங்கள் மனசில் இருக்கிற கேள்வி, அந்த ஸ்டீராய்டைத் தொடாமல் எண்ணெயோடே காலத்தை ஓட்டிவிட முடியுமா என்பதுதான். முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக எண்ணெயைத் தூக்கிப் போடவும் வேண்டியதில்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது, மருந்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

நான் ஈரோட்டில் இருபது வருடத்துக்கு மேலாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். இந்த நோயோடு வரும் பெண்கள் பெரும்பாலும் கடைசி டோக்கனாகத்தான் வருவார்கள். கையில் இருக்கும் சொறியைக் காட்டுவார்கள், பாதவெடிப்பைக் காட்டுவார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்விட்டு, "இன்னொன்னு சொல்லோணுங்க" என்று திரும்புவார்கள். அப்படித் திரும்ப சிலருக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது. நீங்கள் மூன்று வருடத்தில் துணுக்குப் பரிசோதனை வரை போய்விட்டீர்கள். அது நல்ல காரியம்.

இந்த நோயைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். இது தொற்று நோய் கிடையாது. உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து வந்ததும் இல்லை, உங்களிடமிருந்து அவருக்குப் போகப் போவதும் இல்லை. சுத்தமாக இல்லாததால் வந்ததும் இல்லை. வெள்ளையாக இருப்பதால் வெண்குஷ்டம் என்று சிலர் பயப்படுவார்கள், அதுவும் கிடையாது. வெண்படையில் நிறம் மட்டும்தான் போகும், தோல் வழவழப்பாகவே இருக்கும், பெரும்பாலும் நமைச்சலும் இருக்காது. லைக்கன் ஸ்க்லீரோசஸில் தோலின் தன்மையே மாறிவிடுகிறது. வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, சுருங்கி, மினுமினுவென்று ஆகிவிடும். லேசாகச் சொறிந்தாலே உள்ளே ரத்தம் கட்டிச் செவ்வூதாப் பொட்டு விழும், மடிப்புகளில் கீறல் கீறலாக வெடிக்கும். பிரான்சைச் சேர்ந்த அல்லோப்போ என்ற மருத்துவர் 1887-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், அதனால் ஏதோ புதுசாக முளைத்த நோய் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே எதிரியாக நினைத்துத் தாக்குவதால் வருகிறது என்பதற்கு நிறைய அடையாளங்கள் உண்டு. இந்த நோய் உள்ள பெண்களில் தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம். உங்களுக்குத் தைராய்டு பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்துச் சொல்வதுதான் பலருக்கும் யாரும் சொல்லாத விஷயம். உள்ளே நடக்கும் அந்த அழற்சி அடங்காமல் வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தால் தோல் தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறப்புறுப்பின் உள் இதழ்கள் கரைந்து போகும், அதன் வாசல் சுருங்கும், சிலருக்குச் சிறுநீர் போகும் வாட்டமே மாறிவிடும். ஒட்டியது மருந்தால் பிரியாது. நமைச்சல் குறைந்திருக்கும் நாட்களில்கூட இது நடந்துகொண்டிருக்கலாம். எண்ணெய் போட்டால் சுகமாக இருக்கிறது என்பதை வைத்து நோய் அடங்கிவிட்டது என்று நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். எண்ணெய் மேல்தோலில் படுத்து ஈரத்தைக் காக்கிறது. அழற்சி நடப்பது அதற்குக் கீழே.

இத்தாலியில் நடந்து 2013-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு, உங்கள் கேள்வியையே எடுத்து வைத்துக்கொண்டு செய்த மாதிரி இருக்கும். மூன்று மாதம் ஸ்டீராய்டு போட்டு நோயை அடக்கிய 27 பெண்களை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஸ்டீராய்டு தொடர்ந்தது. இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ எண்ணெய். மூன்றாவது பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் ஈரக் களிம்பு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஸ்டீராய்டு தொடர்ந்த ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. எண்ணெய்ப் பிரிவில் ஐந்து பேருக்கும், களிம்புப் பிரிவில் ஐந்து பேருக்கும் திரும்பிவிட்டது. ஆள் எண்ணிக்கை குறைவுதான், அதனால் இந்தக் கணக்கை அப்படியே எல்லோருக்கும் வைத்துப் பார்க்க முடியாது. அந்த இரண்டு பிரிவிலும் நான்கு நான்கு பேர் வெறும் எண்ணெயோடோ களிம்போடோ வருடத்தை ஓட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் எல்லோரும் முதல் மூன்று மாதம் மருந்து போட்டு அடக்கியவர்கள். நீங்கள் அந்த மூன்று மாதத்தையே முடிக்கவில்லை.

பெரிய ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்து 2015-ல் வெளியானது. 507 பெண்களைச் சராசரியாக நாலே முக்கால் வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சொன்னபடி மருந்து போட்ட 357 பேரில் ஒருவருக்கும் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ வரவில்லை. விட்டு விட்டுப் போட்ட 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டலும் கூடியது ஒழுங்காகப் போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு, விட்டு விட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புற்றுநோய் வராதவர்கள்தான் மிக அதிகம். எந்த மருந்தைக் கண்டு பயந்து நிறுத்தினீர்களோ, அந்த மருந்துதான் காவல் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஸ்டீராய்டு பயம் நம் ஊரில் சும்மா வந்ததில்லை. முகம் வெளுக்க, படர்தாமரை போக என்று கடையில் கேட்டு வாங்கிப் பூசி முகம் செக்கச்செவேலென்று எரிந்து வருபவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதனால்தான் 2018-ல் மத்திய அரசே பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. உங்கள் கடைக்காரர் அந்த நினைப்பில்தான் சொல்லியிருப்பார், அவர் மேல் கோபம் வேண்டாம். டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்திலும் மறைவிடத்தில் போடாதே என்று இருக்கும். அது பொதுவான எச்சரிக்கை. லைக்கன் ஸ்க்லீரோசஸ் அதற்கு விதிவிலக்கு. உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல் மருந்து இதே 0.05 சதவீத கிளோபீட்டசால் ஆயின்ட்மென்ட்தான்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். வழக்கமான முறை, முதல் நான்கு வாரம் தினமும் இரவு ஒரு தடவை, அடுத்த நான்கு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதற்கடுத்த நான்கு வாரம் வாரத்தில் இரண்டு நாள். 28, 14, 8. மொத்தம் மூன்று மாதத்தில் 50 தடவை. ஆள்காட்டி விரலின் மேல் ரேகையிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் அரை கிராம். ஐம்பது அரை கிராம் என்பது 25 கிராம். 30 கிராம் ட்யூப் ஒன்று மூன்று மாதத்துக்குத் தாராளமாக வரும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள், ஆறு மாதம் ஆகியும் பாதி மிச்சம் என்றால் போதாமல் போடுகிறீர்கள். அதன் பிறகு எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை உங்கள் தோலைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். ட்யூப்பில் ஆயின்ட்மென்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். க்ரீமில் தண்ணீர் இருக்கும், அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் வெடித்த தோலில் எரியும். நாலு மருந்து கலந்த, பூஞ்சைக்கும் கிருமிக்கும் ஸ்டீராய்டுக்கும் ஒரே ட்யூப் என்று விற்கும் கலவைக் களிம்புகளை இதற்கு வாங்கவே வேண்டாம்.

எங்கே போடுவது என்பதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பயிற்சி ஆரம்பித்த காலத்தில் கோபிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மருந்தை எழுதி, "அந்த எடத்துல மெலிசா போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது ஒரு மாற்றமும் இல்லை, எரிச்சல் கூடியிருந்தது. எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டால், தொடை இடுக்கிலும் முடி இருக்கும் இடத்திலும் போட்டிருக்கிறார். உள்ளே கை வைக்கக் கூச்சம், நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று மாதம் அவருடைய நோய் சும்மா வளர்ந்ததற்குக் காரணம் நான். அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் ஒரு கைக்கண்ணாடி இருக்கிறது. நோயுள்ளவரையே பிடிக்கச் சொல்லி, வெள்ளையாக இருக்கும் இடம் எது, இதழ்களுக்கு நடுவில் எங்கே, கீழே ஆசனவாய் வரை எது வரை என்று காட்டித்தான் அனுப்புகிறேன். நீங்களும் ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். அறையைச் சாத்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். உங்கள் உடம்புதான், பார்ப்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

இனி நீங்கள் கேட்ட ஈரம். மெலிந்த தோலில் தண்ணீர் தங்காது, சிறுநீரும் வியர்வையும் பட்டால் எரியும், நடந்தால் உராயும். மேலே ஒரு கொழுப்புப் படலம் இருந்தால் இந்த மூன்றும் குறையும். அதனால் ஈரக் களிம்பை நான் ஒரு நாளும் ஒப்புக்கு எழுதிக் கொடுப்பதில்லை, மருந்துக்குச் சமமாகவே சொல்லி அனுப்புகிறேன். என் முதல் தேர்வு வாசனை சேர்க்காத வெறும் வாசலின், அதாவது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. அதில் தண்ணீர் இல்லை, வாசனை இல்லை, கெடாமல் காக்கும் மருந்து இல்லை, ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். கெட்டியாக இருக்கிறது, இழுக்கிறது என்பவர்கள் லிக்விட் பாரஃபின் சேர்த்த ஆயின்ட்மென்ட் கேட்டு வாங்கலாம். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து இளக்கி, தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். எத்தனை தடவை என்பதற்குக் கணக்கு இல்லை. காலையில், குளித்த மூன்று நிமிடத்துக்குள், படுக்கும் முன், சிறுநீர் கழிக்கப் போகும் முன், நீண்ட தூரம் நடக்கும் முன் என்று நான்கைந்து தடவை வரும். அதிகமானால் ஒன்றும் ஆகாது. இரவில் ஸ்டீராய்டு போடும் நாளில் மட்டும் இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து களிம்போடு கலந்து நீர்த்து வேண்டாத இடத்துக்குப் பரவும்.

தேங்காய் எண்ணெயா, வாசலினா என்றால், இந்த நோய்க்கென்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்து நான் நம்பி எடுத்துச் சொல்லும்படியான ஆய்வு கிடையாது. அதனால் இது என் அனுபவம் மட்டும்: தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, ஆனால் மெலிதாக இருப்பதால் சீக்கிரம் வழிந்துவிடுகிறது. உங்களுக்கு இரண்டு மணி நேரத்தில் சுகம் தீர்ந்துவிடுவது அதனால்தான். வெளியே போகாத பகலில் எண்ணெய், சிறுநீருக்கு முன்பும் இரவிலும் வாசலின் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பருப்பு பூசணம் பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவது களத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கென்று ஆட்டும் எண்ணெய்க்குக் கந்தகம் போடாமல் வெயிலில் காய்ந்த பருப்பையே தனியாக எடுத்து வையுங்கள். சிக்கு வாடை வந்த எண்ணெய், கற்பூரமோ செம்பருத்தியோ போட்டுக் காய்ச்சிய தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், இரண்டும் ஆகாது. புது எண்ணெயோ களிம்போ எதுவாக இருந்தாலும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் பூசிப் பாருங்கள். தடிப்போ நமைச்சலோ இல்லாவிட்டால் அடியில் போடலாம்.

என்ன பூசுகிறோம் என்பதைவிட எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்பதில்தான் அதிகப் பேர் தவறுகிறார்கள். நமைச்சல் என்றால் அழுக்கு என்று நினைத்து நாளுக்கு மூன்று தடவை சோப்புப் போடுவார்கள், டெட்டால் ஊற்றுவார்கள், மஞ்சள் குழைத்துப் போடுவார்கள், வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் உட்காருவார்கள். அமிலமா காரமா என்று காட்டும் pH அளவில் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும், தோல் இருப்பதோ அமிலப் பக்கம், 5-க்கு அருகில். ஏற்கெனவே மெலிந்த தோலிலிருந்து இருக்கிற கொழுப்பையும் சோப்பு எடுத்துவிடும். அடியில் சோப்பே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். தண்ணீர் மட்டும் மனசுக்கு ஆகவில்லை என்றால் அந்த வாசலினையோ எண்ணெயையோ பூசிவிட்டுக் கழுவுங்கள், அழுக்கு அதோடு வந்துவிடும். வாசனைப் பொருள் போட்ட கழுவு திரவங்கள், ஈரக் காகிதங்கள், பவுடர், எதுவும் வேண்டாம். மஞ்சளுக்கும் வேம்புக்கும் மற்ற இடங்களில் என்ன மரியாதை இருந்தாலும் இந்தத் தோலில் இரண்டும் ஒவ்வாமையைக் கிளப்பி நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளிப்பது நம் பக்கத்து வழக்கம். நின்றுகொண்டு தலைக்கு ஊற்றினால் அரப்பும் சீயக்காயும் நேராக அடியில்தான் வழியும், அன்று சாயங்காலமே எரிச்சல் தொடங்கும். தலையை முன்னால் குனிந்து தனியாக அலசிவிட்டு, அடியில் முன்கூட்டியே வாசலின் பூசிக்கொண்டு, பிறகு உடம்புக்கு ஊற்றுங்கள். சுடுதண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக இருக்கட்டும். சூடு பட்டால் அப்போதைக்கு நமைச்சல் அடங்கின மாதிரி இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாக வரும். ஆயிரம் அடி போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே, அதனால்தான் வந்ததா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இந்த நோய் உப்புத் தண்ணீரால் வருவதாக ஆதாரம் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் துணியிலிருந்து சோப்பு சரியாகப் போகாது. உள்ளாடையை மட்டும் கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து இரண்டு தடவை அலசினால் வித்தியாசம் தெரிகிறது என்று என்னிடம் வரும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளாடை வெள்ளைப் பருத்தியாக, கொஞ்சம் தொளதொளப்பாக இருக்கட்டும். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமா? புதுசை இரண்டு தடவை அலசிவிட்டுப் போடுங்கள், சாயமும் கஞ்சியும் போகட்டும். ராத்திரி உள்ளாடை இல்லாமல் படுப்பது நல்லது. உராய்வும் சொறிதலும் பட்ட இடத்தில் இந்த நோய் புதிதாகக் கிளம்பும் குணம் உள்ளது என்பது உறுதியான விஷயம். டிவிஎஸ் எக்ஸெல்லில் களத்துக்கும் வீட்டுக்கும் நாள் முழுக்க அலைபவராக இருந்தால் சீட்டின் மேல் மெத்தென்று ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள். எரியும் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும். போகும்போது ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடவே முன்னாலிருந்து ஊற்றினால் காந்தல் தெரியாது. முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து ஒரு விரல் வாசலின். மலச்சிக்கல் இருந்தால் பின்பக்கக் கீறல் ஆறவே ஆறாது, அதனால் களி, கீரை, கொய்யா என்று சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு நமைச்சல் எழுப்பிவிட்டால், சொறிவதற்கு முன் சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள், பிறகு களிம்பு. ஐஸ்கட்டியை நேராக வைக்காதீர்கள். வாசலின் டப்பாவையே குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துப் பூசினால் இன்னும் இதமாக இருக்கும். அலர்ஜி மாத்திரை தூக்கத்துக்கு உதவலாம், நோயை அது தொடாது. மருந்தை ஒழுங்காகப் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் இந்த ராத்திரி நமைச்சல் பெரும்பாலும் அடங்கும். வெண்மை அவ்வளவு சீக்கிரம் போகாது, சிலருக்கு முழுக்கப் போகவே போகாது. அதை வைத்து மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மருந்து சரியாகப் போட்டும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சர்க்கரை கூடி இருந்தால் பூஞ்சைத் தொற்று கூடவே வரும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் சில மாத்திரைகளிலும் அது வரும், சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டுங்கள். புண் மருந்து என்று பூசும் களிம்பில் நியோமைசின் இருந்தால் அதற்கே ஒவ்வாமை இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் உள் வறட்சி தனிச் சமாச்சாரம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவும், ஆனால் லைக்கன் ஸ்க்லீரோசஸுக்கு அது மருந்தாகாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் களிம்பும் கொடுத்தார்கள், அதில் பயனில்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டார்கள். லேசர், நம் ரத்தத்திலிருந்தே பிரித்து ஊசியாகப் போடும் சிகிச்சை, கோதுமையை விட வேண்டும், கீரையை விட வேண்டும் என்ற பத்தியங்கள் எல்லாம் இன்னும் நிரூபணம் ஆகாதவை. பெரிய செலவில் லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் ஆயின்ட்மென்ட்டை மூன்று மாதம் ஒழுங்காக முடித்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

வாசலினும் எண்ணெயும் ஊறிய துணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாள்பட ஊறிய துணியில் தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. விறகடுப்பில் தண்ணீர் காய வைக்கும் வீடு என்றால் அந்தச் சேலையோடும் பாவாடையோடும் அடுப்பண்டை உட்காராதீர்கள். வீட்டுக்காரரோடு இருப்பது வலிக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வாசல் சுருங்கியிருந்தால் அதற்கு வழி இருக்கிறது. இந்தப் பதிலைப் படிக்கும் இளம் வயதுப் பெண்களுக்கும் ஒன்று: எண்ணெயும் வாசலினும் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும்.

பேத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருவது உண்டு, ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டில் வேறு யாருக்கும் இருக்காது. அதனால் அவளுக்கு வந்தே தீரும் என்று கவலைப்பட வேண்டாம். குழந்தைகளுக்கு வராது என்றும் நினைக்காதீர்கள். மாதவிடாய் நின்ற வயதிலும் பூப்படைவதற்கு முந்தைய வயதிலும்தான் இது அதிகம். அவள் அடிக்கடி அங்கே சொறிந்தாலோ, வெளிக்குப் போக அழுது அடம் பிடித்தாலோ, அங்கே வெண்மையோ ரத்தக் கன்றலோ தெரிந்தாலோ, திட்டாமல் தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். அந்த ரத்தக் கன்றலைப் பார்த்து யாரோ குழந்தையிடம் தவறாக நடந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுக் குடும்பங்கள் உடைந்ததும் உண்டு. நோய்தான் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டே பேச வேண்டிய விஷயம் அது. அதற்காக எல்லாக் கன்றலும் நோய்தான் என்று நாமே முடிவு செய்துவிடவும் கூடாது. ஆண்களுக்கும் வரும், முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராமல் போகும். அவர்களுக்கு மருந்து கேட்காவிட்டால் முன்தோலை நீக்கும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

உங்கள் தோலை நான் பார்க்கவில்லை. எழுத்தில் படித்ததை வைத்து உங்கள் மருந்தின் அளவை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, வழியும் இல்லை. அதனால் அந்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். பத்து நாளில் நிறுத்திவிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். மிச்சமிருக்கும் ட்யூப்பையும் இப்போது பூசும் எண்ணெயையும் கையோடு எடுத்துப் போங்கள், எங்கே, எவ்வளவு பூச வேண்டும் என்று கண்ணாடி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு தடவை, அடங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு தடவையாவது காட்ட வேண்டும். நடுவில் மருந்து போட்டும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், கெட்டியாகத் தடித்த இடம், புதிதாக ஒரு கட்டி, தொட்டால் ரத்தம் கசிவது, இவற்றில் எது தெரிந்தாலும், அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல் அந்த வாரமே போய்விடுங்கள். மாதம் ஒரு தடவை அந்தக் கைக்கண்ணாடியில் நீங்களே பார்த்து வந்தால் இதெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.